ஆழம் போதாத மாணவி

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் பிரைட் ஆர்பிட் இன்டர்நேஷனல் பள்ளி இருக்கிறது. அதன் பேருந்துகள் மேற்கே காய்கறி மார்க்கெட் வரைக்கும் போகும், கிழக்கே திண்டுக்கல் பேருந்து நிலையம் வரைக்கும் போகும். அந்த எல்லைக்குள் அது சர்வதேசப் பள்ளி.

போன கோடை விடுமுறையில் பள்ளியின் பிரின்சிபால் டெய்சி மேடம் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் வரும்போது தெரிந்திருந்தது. பிள்ளைகள் பாடம் படித்தால் மட்டும் போதாது. படித்த பாடத்தைப் பற்றித் தங்களுக்குள் யோசித்துப் பார்த்து, அந்த யோசனையை வெளியே சொல்லவும் வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். தமிழில் பிரதிபலிப்பு என்று வைத்தார்கள். தமிழாசிரியர் எழுந்து, "மேடம், மீள்சிந்தனைன்னு சொன்னாத்தான் பொருத்தமா இருக்கும்" என்று ஆரம்பித்தார். அதற்குள் கண்ணாடிக்கு ஆர்டர் போய்விட்டிருந்தது.

கண்ணாடி வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் அதிகம், அகலம் ஒரு லாரியின் பின்கதவு அளவு. அதை வைக்கத் தோதான சுவர் அறிவியல் ஆய்வகத்தில்தான் இருந்தது. ஆகவே ஆய்வகத்து மேசைகளும் குடுவைகளும் தராசுகளும் சைக்கிள் கொட்டகைக்குப் போயின. அறைக்கு வெளிர்நீல வண்ணம் அடித்து, தரையில் பச்சைக் கம்பளம் விரித்து, வாசலில் 'பிரதிபலிப்பு மையம்' என்று பலகை மாட்டினார்கள். அதுவரை பேருந்துகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆல்வின் சார் பிரதிபலிப்பு ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

நடைமுறை எளிமையானது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு மாணவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த வாரம் ஒவ்வொரு பாடத்திலும் நடந்ததைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எதில் பெருமைப்பட்டேன், எங்கே தடுமாறினேன், அதனால் எப்படி வளர்ந்தேன். ஆல்வின் சார் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். 'ஆழம் உண்டு', 'ஓரளவு ஆழம்', 'ஆழம் போதாது' என்று மூன்றே தீர்ப்புகள்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இளவேனில் படித்தாள். அப்பா முத்துக்கிருஷ்ணன் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். அம்மா ரெட்டியார்சத்திரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். இளவேனில் கணக்கில் கெட்டிக்காரி. மற்றப் பாடங்களில் மோசமில்லை. கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லிவிடுவாள் என்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை. ஆனால் ஜூன் மாதம் வரை அது குறை என்று யாருக்கும் தெரியாது.

முதல் வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். எதிரே இன்னொரு இளவேனிலும், அவளுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் தெரிந்தார்கள்.

"சொல்லும்மா. அறிவியல்ல இந்த வாரம் எதுல பெருமைப்பட்ட?" என்றார் ஆல்வின் சார்.

"இந்த வாரம் அறிவியல் கிளாஸ் நடக்கல சார். மிஸ்ஸு பொருளையெல்லாம் கொட்டகைக்கு மாத்திக்கிட்டு இருந்தாங்க."

"சமூக அறிவியல்?"

"பிரெஞ்சுப் புரட்சி நடத்துனாங்க சார்."

"அதுல நீ பெருமைப்படுற விஷயம்?"

இளவேனில் கொஞ்சம் யோசித்தாள். "அதுல நான் ஒன்னும் பண்ணல சார்."

வகுப்பு சிரித்தது. ஆல்வின் சார் சிரிக்கவில்லை. "கணக்கு?"

"கணக்கு ரெண்டு நாள் நடந்துச்சு. மிச்ச நாள் பிராங்கிளின் சாரைக் கண்ணாடி மாட்டக் கூப்பிட்டுக்கிட்டீங்க."

ஆல்வின் சார் வருத்தத்தோடு, "இது பிரதிபலிப்பு இல்லம்மா. இது தகவல்" என்றார். ஆழம் போதாது என்று தீர்ப்பு ஆனது.

அவளுக்கு அடுத்து வந்தவள் திண்டுக்கல்லிலிருந்து வருகிற ஜெஸ்ஸி. இளவேனிலின் பக்கத்து பெஞ்சு. ஜெஸ்ஸி கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, வல்லினம் மிகும் இடங்களில் தான் தடுமாறியதாகவும், அந்தத் தடுமாற்றம் தன்னை மனுஷியாக்கியதாகவும் சொன்னாள். பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்தபோது அவள் குரல் தழுதழுத்தது. ஆல்வின் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆழம் உண்டு.

இடைவேளையில் இளவேனில் கேட்டாள். "ஏய், நிசமாவே அழுதியா?"

"எங்க மாதா கோயில்ல வருசா வருசம் பாடுகளின் நாடகத்துல எனக்குத்தான் அழுகுற வேசம். நீயும் சும்மா எதையாச்சும் அள்ளிவிடு. யாரு கேக்கப் போறா?"

"நடக்காததை எப்பிடிச் சொல்றது?"

"நடந்துச்சுன்னா அது சும்மா பாடம். நடக்காததைச் சொன்னாத்தான்டி ஆழம்" என்றாள் ஜெஸ்ஸி. பிரதிபலிப்புக் கொள்கையை அந்தப் பள்ளியில் முழுசாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

ஆடி மாதம் போய் ஆவணி வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் போதவில்லை என்று டெய்சி மேடத்துக்குத் தோன்றியது. ஒவ்வொரு பாடவேளையிலும் பின்பாதி பிரதிபலிப்புக்கு என்று ஒதுக்கினார். ஆசிரியர்கள் பாதி பாடத்தோடு நிறுத்திவிட்டு, நடக்காத மீதிப் பாதியைப் பற்றிப் பிள்ளைகள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். பிறகு சனிக்கிழமைகளில், வெள்ளிக்கிழமை பிரதிபலித்ததைப் பற்றி ஒரு பிரதிபலிப்பு ஆரம்பமானது.

இளவேனிலுக்கு வாரம் தவறாமல் ஆழம் போதவில்லை. அவளைப் போன்ற நாலைந்து பேருக்குத் தினமும் கடைசிப் பாடவேளையில் 'ஆழப் பயிற்சி' என்று தனி வகுப்பு வைத்தார்கள். அதுவரை அந்த நேரம் கணக்கு வகுப்பாக இருந்தது. மற்றவர்களை அந்த நேரம் கண்ணாடி முன் ஒத்திகைக்கு அனுப்பினார்கள். கணக்கு வகுப்பே இல்லாமல் போனதால் சும்மா இருந்த கணக்கு ஆசிரியர் பிராங்கிளினை அந்தப் பயிற்சிக்குக் காவல் இருக்கச் சொன்னார்கள்.

பிராங்கிளினுக்கு இருபத்தாறு வயது. பழனிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பயந்த சுபாவம். பிரின்சிபால் அறையைத் தாண்டும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம். பள்ளிக்கூட வேலையைச் சொல்லித்தான் பெண் பேசியிருந்தார்கள்.

ஆழப் பயிற்சியின் முதல் நாள் பிள்ளைகள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிராங்கிளின் சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அரைவட்டம் தெரியுமா?" என்று கிசுகிசுத்தார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவன், "தெரியும் சார்" என்று அவரைப் போலவே கிசுகிசுத்தான்.

அன்றிலிருந்து அந்த வகுப்பில் கணக்கு நடந்தது. சாக்பீஸ் சத்தம் கேட்காமலிருக்க அவர் பலகையில் மெதுவாகத் தேய்ப்பது போல எழுதுவார். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டால் துடைத்துவிட்டு, "உங்கள் உணர்வுகளைக் கவனியுங்கள்" என்பார். பிள்ளைகள் உடனே நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருநாள் ஆல்வின் சார் திடுமென்று உள்ளே வந்துவிட்டார். பலகையில் ஒரு முக்கோணம் மிச்சம் இருந்தது.

"இது என்ன சார்?"

பிராங்கிளின் சார் சாக்பீஸைக் கைக்குள் மறைத்தார். "இது... மனசு சார். மூணு பக்கம்."

ஆல்வின் சார் முக்கோணத்தை மேலும் கீழும் பார்த்தார். "மூலையைக் கொஞ்சம் மழுக்கிப் போடுங்க. புள்ளைக பயந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பிராங்கிளின் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெளிய மட்டும் சொல்லிராதீங்கப்பா" என்றார். "பாடம் நடத்துனேன்னு தெரிஞ்சா என்னைய அனுப்பிருவாங்க."

அந்த வாரம் அவர் ஒரு கேள்வி கொடுத்திருந்தார். வட்டத்தின் விட்டத்தை அடியாக வைத்து, வட்டத்தின் மேல் எந்த இடத்தில் புள்ளி வைத்து முக்கோணம் போட்டாலும் அந்த உச்சிக் கோணம் செங்கோணமாகத்தான் வரும். ஏன்? இளவேனில் வீட்டில் வளையலை வைத்து வட்டம் போட்டு வரைந்து பார்த்தாள். எங்கே புள்ளி வைத்தாலும் அப்படித்தான் வந்தது. எதனால் வருகிறது என்பது பிடிபடவில்லை. "மையத்துல இருந்து ஒரு கோடு போட்டுப் பாரு" என்று மட்டும் சார் சொல்லியிருந்தார். மறுநாள் பள்ளிப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று முந்திப் போனது. அது அப்பா வண்டியோ என்று பார்க்கத் திரும்பியவளுக்கு விடை சட்டென்று விளங்கிவிட்டது. உடம்பு சிலிர்த்துப்போய், பக்கத்தில் இருந்த ஜெஸ்ஸியின் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"என்னடி, வாந்தி வருதா?" என்றாள் ஜெஸ்ஸி.

அந்த வெள்ளிக்கிழமை இளவேனிலால் இதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் சாருக்கு வேலை போய்விடும். ஆகவே, "கணக்கு நடக்கல சார்" என்றாள். ஆழம் போதாது.

புரட்டாசியில் அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளை எங்கே விழுந்துவிட்டதோ என்று ஓடிவந்தாள்.

"உக்காருங்கம்மா" என்றார் டெய்சி மேடம். "உங்க பொண்ணு கணக்குல தொண்ணூத்தஞ்சு வாங்கியிருக்கா."

"ஆமாங்க மேடம்."

"அதான் எங்க கவலையே."

அம்மாவுக்குப் புரியவில்லை. "குறைச்சலா மேடம்?"

"மார்க் யாரு வேணும்னாலும் வாங்கலாம்மா. பாடத்தைப் படிச்சா மார்க் வந்துரும். அதுக்கு எதுக்கு இன்டர்நேஷனல் பள்ளி? உங்க பொண்ணுக்கு விடை தெரியுது. ஆனா விடை தெரிஞ்சதும் உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிய மாட்டேங்குது. இப்படியே போனா அவளைப் பத்தாவதுக்கு அனுப்ப முடியாது. ஒம்பதுலயே இன்னொரு வருசம் பிரதிபலிக்கட்டும்."

அம்மா எழுந்துவிட்டாள். "மேடம், நல்லாப் படிக்கிற புள்ளைய எப்பிடி மேடம் நிறுத்துவீங்க?"

"இந்தக் குறை வீட்டுல இருந்துதான் வருது" என்று ஆல்வின் சார் குறுக்கிட்டார். "நீங்க ஒருதடவை கண்ணாடி முன்னாடி நில்லுங்கம்மா. இந்த வாரம் நீங்க செஞ்ச வேலையில எதுல பெருமைப்பட்டீங்க, எங்க தடுமாறினீங்க?"

அம்மாவைக் கூட்டிப்போய் கண்ணாடி முன் நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்ததில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இந்த வாரம் எட்டு ஜாக்கெட்டு தச்சேன் சார். ஒன்னுல கை இறுக்கமாப் போச்சு. பிரிச்சுத் தச்சுக் குடுத்துட்டேன்."

"அப்ப என்ன உணர்ந்தீங்க?"

"நூலு வீணாப்போச்சேன்னு இருந்துச்சு."

ஆல்வின் சார் டெய்சி மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பரம்பரை என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேரளாவில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். அப்பா கேட்டதெல்லாம், "ஏத்தா, அந்தாளுக என்னதான் சொல்லச் சொல்றாக? அதைச் சொல்லித் தொலைச்சிட்டா என்ன?" என்பதுதான். இளவேனிலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கூடப் படித்தவர்களெல்லாம் பத்தாவதுக்குப் போக, தான் மட்டும் அதே பெஞ்சில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்து வந்து போனது. மறுநாள் காலை ஆல்வின் சாரிடம் போய், "சார், நீங்க சொல்றதை அப்பிடியே சொல்றேன் சார்" என்றாள்.

அதற்காகவே காத்திருந்தது போல அவர் முகம் மலர்ந்தது. காரணம் இருந்தது. ஆசியாவின் சிறந்த சுயசிந்தனைப் பள்ளி என்று ஒரு விருது உண்டு. பிரைட் ஆர்பிட் அதற்கு விண்ணப்பித்திருந்தது. மூன்று பேர் கொண்ட குழு கார்த்திகையில் நேரில் வந்து பார்க்கப் போகிறது. ஆழமே இல்லாதிருந்த மாணவி எப்படி ஆழம் பெற்றாள் என்று காட்ட அவர்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும். பள்ளியிலேயே மிக மேலோட்டமான பிள்ளை இளவேனில்தான்.

ஒரு மாதம் பயிற்சி நடந்தது. பேச்சை ஆல்வின் சார் எழுதினார், எந்த இடத்தில் மூச்சுவிட வேண்டும் என்று ஜெஸ்ஸி சொல்லிக்கொடுத்தாள். தமிழில் பெருமை, ஆங்கிலத்தில் தடுமாற்றம், சமூக அறிவியலில் ஒரு சொட்டுக் கண்ணீர். அறிவியலில் பொருள்களின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் சோதனை செய்ததாகவும், தண்ணீர் மட்டம் உயர்ந்ததைப் பார்த்துத் தன் மனமும் உயர்ந்ததாகவும் சொல்ல வேண்டும். இளவேனில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். ஒரு பிசிறில்லாமல் வந்தது.

குழு வந்த நாளில் பள்ளி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குழுவின் தலைவி குர்ஷித் பேகம், சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கூட வந்த இரண்டு ஆண்களும் எதற்கும் தலையாட்டினார்கள். பிரதிபலிப்பு மையத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. ஆசிரியர்களெல்லாம் சுவரோரம் நின்றார்கள். தண்ணீர் பாட்டில் தட்டோடு பிராங்கிளின் சார் கதவருகே நின்றிருந்தார்.

இளவேனில் கண்ணாடி முன் நின்று நெஞ்சில் கை வைத்தாள். தமிழ் முடிந்தது. ஆங்கிலம் முடிந்தது. புரட்சியில் குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. டெய்சி மேடம் உதட்டைக் கடித்துப் பூரித்தார். அறிவியலும் வந்து, தண்ணீர் மட்டமும் மனமும் சேர்ந்து உயர்ந்தன.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார் குர்ஷித் பேகம். "அந்தச் சோதனையில தண்ணிக்குள்ள என்ன போட்டீங்க?"

பேச்சில் அது இல்லை. இளவேனில் கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆல்வின் சார் வாயை அகலமாகத் திறந்து சத்தமில்லாமல் எதையோ சொன்னார்.

"கல்லு மேடம்."

"என்ன கல்லு?"

ஆல்வின் சாரின் வாய் மறுபடி அசைந்தது. "கருங்கல்லு."

"எடையை எதுல பாத்தீங்க?"

இந்தத் தடவை ஆல்வின் சாரின் வாய் மூடிக்கொண்டது. அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் எல்லா முகங்களும் இளவேனிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மேடம், நாங்க எதையும் போடல" என்றாள். வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டது. "இதான் மேடம் லேப். கண்ணாடி வச்சதுக்கப்புறம் லேப் இல்ல."

டெய்சி மேடம் எழுந்தார். அவர் முகத்தில் கலவரம் ஒரு நொடிதான் இருந்தது. "இதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்" என்றார் குழுவைப் பார்த்து. "மற்றப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆய்வகம் இருக்கிறது. அதனால் அவர்கள் அதைப் பற்றிச் சிந்திப்பதே இல்லை. நாங்கள் ஆய்வகத்தை எடுத்துவிட்டோம். இப்போது அது இல்லை என்பதை இந்தக் குழந்தை எவ்வளவு ஆழமாக உணர்கிறாள் பாருங்கள்."

தலையாட்டிகள் இருவரும் தலையாட்டினார்கள். குர்ஷித் பேகம் ஆட்டவில்லை. "அப்ப இந்த வருசம் நீ நிசமாவே கத்துக்கிட்டது என்ன? ஒன்னே ஒன்னு சொல்லு."

இளவேனில் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து முக்காலியில், குழுவினர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கென்று ஒரு மார்க்கர் பேனா இருந்தது. அதை எடுத்துக் கண்ணாடியிலேயே வட்டம் போட்டாள். ஆல்வின் சாரின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது.

"இது விட்டம் மேடம். மேல எங்க வேணும்னாலும் புள்ளி வச்சு முக்கோணம் போடலாம். மையத்துல இருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. இப்ப ரெண்டு முக்கோணம் ஆச்சு. வட்டத்தோட ஆரம் எல்லாம் ஒரே அளவு, அதனால ரெண்டுமே இருசமபக்கம். இதுல ரெண்டு கோணம் சமம், அதுல ரெண்டு கோணம் சமம். பெரிய முக்கோணத்துல எல்லாம் சேத்து நூத்தி எண்பது. மேல இருக்குறது அதுல சரிபாதி. தொண்ணூறு."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. குர்ஷித் பேகத்தின் முகத்தில் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இதை யாரு சொல்லிக்குடுத்தா?"

கதவருகே பிராங்கிளின் சாரின் தட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. டெய்சி மேடம், ஆல்வின் சார், ஆசிரியர்கள் அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கணக்கே நடக்காத பள்ளியில் யார் கணக்கு நடத்தியது? இளவேனிலுக்குச் சாரின் தை மாதக் கல்யாணம் ஞாபகம் வந்தது.

"யாரும் இல்ல மேடம். நானா யோசிச்சேன்."

பிராங்கிளின் சார் கண்ணை மூடித் திறந்தார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டெய்சி மேடத்துக்கு வந்தது அதைவிடப் பெரியது. அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"கேட்டீர்களா! கணக்கு வகுப்பே நடக்காத ஒரு வகுப்பறையில் ஒரு குழந்தை வடிவியலைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள்! இனி எங்களுக்கு என்ன நிரூபணம் வேண்டும்?"

மூன்றில் இரண்டு வாக்கில் பிரைட் ஆர்பிட்டுக்கு விருது கிடைத்தது. அடுத்த வாரமே பள்ளி ஒரு முடிவெடுத்தது. பாடம் நடத்தாமலேயே கணக்கு வருகிறது என்பது தெரிந்துவிட்டதால், வரும் ஜனவரியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் தேவையில்லை. டிசம்பரில் ஆண்டு விழா முடிந்ததும் பிராங்கிளினை விடுவிக்கலாம்.

செய்தி கேட்டு இளவேனில் ஓடினாள். அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நான் உங்களைக் காப்பாத்தணும்னுதான் சார்..."

"தெரியும்மா" என்றார். அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல இன்னும் சொல்லல. பொண்ணு வீட்டுக்கு எப்பிடிச் சொல்றதுன்னுதான்..." அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இளவேனில் பிரின்சிபால் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். பிராங்கிளின் சார்தான் நடத்தினார், தினமும் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார் என்றாள். டெய்சி மேடம் பரிவோடு கேட்டார். பிறகு அவள் தலையைத் தடவினார். "தன் வெற்றியை மத்தவங்களுக்குக் கொடுக்குற இந்தப் பணிவு இருக்கே, இதுவே பெரிய பிரதிபலிப்பு. விழாவுல இதையும் ஒரு வரி சேத்துக்குவோம்."

ஆண்டு விழா கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது. மைதானம் முழுக்கப் பெற்றோர். இளவேனிலின் அப்பாவும் மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். சிறப்பு விருந்தினரான வங்கி மேலாளர் பேசினார். தாளாளர் பேசினார். டெய்சி மேடம் இரண்டு தடவை பேசினார். பிறகு மேடையில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தி, தானாகக் கணக்குக் கண்டுபிடித்த மாணவியை அழைத்தார்கள். பிராங்கிளின் சார் மேடைக்குக் கீழே மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இளவேனில் வட்டம் போட்டாள். விட்டம் போட்டாள். முக்கோணம் போட்டாள். அங்கே நின்றுவிட்டாள்.

நேரம் போனது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "மையத்துல இருந்து, மையத்துல இருந்து" என்று ஆல்வின் சார் பக்கவாட்டிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. இளவேனில் அவர் பக்கம் திரும்பவில்லை. மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு இதுக்கு மேல வரல. பிராங்கிளின் சார் சொல்லிக்குடுத்தாத்தான் வரும்."

பிராங்கிளின் சார் ஒயரோடு நிமிர்ந்து பார்த்தார். டெய்சி மேடம் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் ஒயரைக் கீழே வைத்துவிட்டு மேடைப்படி ஏறினார். ஏறும்போது தடுக்கியது. பேனாவை வாங்கிக்கொண்டு, மைக் இருப்பது மறந்து, அவளிடம் மெல்லக் கேட்டார். "எந்த எடத்துல நிக்குது?"

அந்தக் கிசுகிசுப்பு ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது.

அவர் கோட்டைப் போட்டார். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவது முக்கோணத்துக்கு வரும்போது நடுக்கம் நின்றுவிட்டது. பாதியில் கூட்டத்திலிருந்து இளவேனிலின் அப்பா எழுந்தார்.

"சார், ஏங்க, அந்தக் கோட்டை எதுக்குப் போட்டீக? செத்த மறுபடியும் சொல்லுங்க."

பிராங்கிளின் சார் மறுபடியும் சொன்னார். பின்வரிசையில் ஒரு பாட்டன் எழுந்து நின்று பார்த்தார். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "அட, ஆமால்ல" என்றாள். தொண்ணூறு என்று அவர் எழுதியதும் கூட்டம் கைதட்டியது. பேச்சுகளுக்குத் தட்டிய தட்டல் போல் இல்லை. வங்கி மேலாளரும் தட்டினார்.

டெய்சி மேடம் விரைந்து வந்து மைக்கை வாங்கினார். "பெற்றோர்கள் தயவுசெய்து கவலைப்பட வேண்டாம்" என்றார். "இது எங்கள் முறையல்ல. எங்கள் பள்ளியில் இப்படியெல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பது கிடையாது என்று நான் உறுதியளிக்கிறேன்."

கைதட்டல் நின்றது. தான் சொன்னது என்ன என்பது அவருக்கு எட்டும் முன்பே கூட்டத்துக்கு எட்டிவிட்டது.

"அப்ப வேற என்னதான் மேடம் பண்றீக?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

விடுவிப்பதாக இருந்த பிராங்கிளினைத் திங்கட்கிழமை வேலையிலிருந்தே நீக்கினார்கள். பொது இடத்தில் அனுமதியின்றிப் பாடம் நடத்தியதாகக் காரணம் சொன்னார்கள். தையில் வைத்த கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. பெண் வீட்டார் யோசிக்க அவகாசம் கேட்டிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் மகளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார்.

பிராங்கிளின் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்து டியூஷன் ஆரம்பித்தார். பொங்கலுக்குள் மாடி நிரம்பிவிட்டது. பாய் போதாமல் தார்ப்பாய் விரித்தார்கள். அதை முத்துக்கிருஷ்ணன் லாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். பாதிப் பிள்ளைகள் பிரைட் ஆர்பிட் சீருடையோடு வந்தார்கள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் படியேறி ஆல்வின் சார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையில் ஆறாவது படிக்கிற தன் மகளைப் பிடித்திருந்தார். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுபடி என்ன வில்லங்கமோ என்று இளவேனில் பிராங்கிளின் சாரைப் பார்த்தாள்.

ஆல்வின் சார் தொண்டையைச் செருமினார். "சார், நம்ம பொண்ணு. பேச்செல்லாம் பிரமாதமாப் பேசுவா சார். வகுத்தல்தான் வரல."

பிராங்கிளின் கோபமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குனிந்து அந்தப் பெண்ணிடம், "உள்ள வா கண்ணு" என்றார். இளவேனில் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் ஒரு வகுத்தல் கணக்கு எழுதிச் சின்னவள் முன் வைத்தார்.

பெண் கணக்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு பயந்துகொண்டே கேட்டாள்.

"சார், மொதல்ல என்ன சொல்லணும்?"

"ஒன்னும் சொல்ல வேணாம். போடு" என்றார் பிராங்கிளின்.